குழியிலிருந்து எழும்பின பாட்டு

வேத பாடம்: சங்கீதம் 40:1-3; அப்போஸ்தலர் 16:22-26; எபிரெயர் 13:15



ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கை தட்டிப் பாடுகிறோம். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. கீபோர்டு தம்பி ஸ்ருதியை மாற்றுகிறார், நாமும் மாறுகிறோம். அந்தப் பாட்டை எழுதினது யார், எந்த நிலைமையில் எழுதினார், எழுதின அன்று அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா, இதையெல்லாம் நாம் கேட்கிறதில்லை. கேட்டால்தான் ஆராதனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்து பாடினால் வாயின் பாட்டு இருதயத்துக்கு இறங்கும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்கிற பொருளில் சொல்லுகிறார் (1 கொரி. 14:15). இரண்டும் வேண்டும்.

இந்த மாத பாடத்துக்கு அமெரிக்க தேசத்தின் தென் மாநிலங்களை எடுத்துக்கொள்ளுகிறோம். டென்னசி, ஆர்க்கன்சா, ஓக்லஹோமா, டெக்சாஸ், ஜார்ஜியா, கென்டக்கி. இந்தப் பகுதிகளில் 1900க்குப் பிறகு ஏழைக் குடியானவர்கள் நடுவிலிருந்து ஒரு பெரிய பாட்டு வெள்ளம் எழும்பிற்று. 'சதர்ன் காஸ்பல்' என்று அதைச் சொல்லுகிறார்கள். பருத்தி எடுக்கிறவர், பக்கவாதக்காரர், வீடு உடைந்துபோன ஊழியக்காரர், பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வெளியேறின ஒரு சிறுமி, இப்படிப்பட்டவர்களே அதை எழுதினவர்கள்.

முதலில் சங்கீதம் 40ஐ திறந்து பாருங்க. அதில் ஒரு வரிசை இருக்கிறது. தாவீது காத்திருந்தான், கர்த்தர் கேட்டார், குழியிலிருந்தும் சேற்றிலிருந்தும் தூக்கினார், கன்மலையின்மேல் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வாயில் புதுப்பாட்டு வருகிறது. குழி முதலில், பாட்டு பிறகு. நாம் குழியும் வேண்டாம், சேறும் வேண்டாம், புதுப்பாட்டு மட்டும் கொடும் என்று கேட்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்க. அந்தப் பாட்டைக் கேட்டு அல்ல, அதைக் கண்டு அநேகர் கர்த்தரை நம்புவார்கள் என்ற கருத்தில் அந்த வசனம் முடிகிறது. பாட்டைக் காண்பது எப்படி? பாடுகிறவனைப் பார்க்கும்போதுதான் அது தெரியும்.

முக்கோணமும் சதுரமும்

அந்தத் தென் மாநிலத்துக் கிராமங்களில் இசை படித்தவர்கள் அதிகம் கிடையாது. ஆகையால் பாட்டு வாத்தியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். பயிர் வேலை இல்லாத நாட்களில், பள்ளிக்கூடத்திலோ ஆலயத்திலோ, இரண்டு வாரம் போலப் 'பாட்டுப் பள்ளி' நடக்கும். பெரியவர், சிறியவர், எழுதப்படிக்கத் தடுமாறுகிறவர் எல்லாரும் வருவார்கள். டோ ரே மி என்கிற ஏழு ஸ்வரங்களுக்கும் ஏழு வடிவங்கள். டோ முக்கோணம், மி வைரக்கட்டி போல, ஸோ வட்டம், லா சதுரம். வடிவத்தைப் பார்த்தாலே ஸ்வரம் தெரிந்துவிடும். இந்த ஏழு வடிவ முறையை ஜெஸ்ஸி எய்கின் என்பவர் 1846ல் வெளியிட்ட புத்தகத்தில் கொண்டுவந்தார். நம்ம பக்கத்துப் பழைய சபைகளில் பாடகர் குழுவினர் சொல்பா எழுத்தைப் பார்த்து நாலு குரலில் பாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே எண்ணம்தான். படிக்காத ஜனமும் நாலு குரலில் தேவனைப் பாட வேண்டும் என்கிற பாரம்.

பிறகு வியாபாரமும் வந்தது. டென்னசியில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஜேம்ஸ் டி. வான் என்பவர் பாட்டுப்புத்தகம் அச்சடித்தார். அவர் 1910ல் நான்கு ஆண்களைச் சம்பளத்துக்கு வைத்து சபை சபையாகப் பாட அனுப்பினார். நால்வரும் பாடுவார்கள், ஜனங்கள் புத்தகம் வாங்குவார்கள். இன்று உலகமெங்கும் இருக்கிற சுவிசேஷ நால்வர் குழுக்களுக்கு அது ஒரு ஆரம்பம். டெக்சாசில் டாலஸ் நகரத்தில் ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் என்று இன்னொரு பெரிய நிறுவனம் வளர்ந்தது. மெல்லிய அட்டை போட்ட புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு மத்தியானம் கன்வென்ஷன் கூடி, யாரும் முன்பு கேட்டிராத பாட்டுகளை அந்த இடத்திலேயே பார்த்துப் பாடுவார்கள். அப்படியானால் புதுப்பாட்டு எழுதுகிறவர்கள் எப்போதும் தேவைதானே.

பெந்தெகொஸ்தே ஜனமும் இதில் பின்தங்கவில்லை. ஆர். இ. வின்செட் என்கிற டென்னசி மனிதர், 1906ல் அசுசா தெரு எழுப்புதல் எழும்பின அடுத்த வருடங்களிலேயே அபிஷேகக் கூட்டங்களுக்கென்று பாட்டுப்புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1942ல் அவர் எழுதின பாட்டு, இயேசு சீக்கிரம் வருகிறார் என்பது. 'ஜீசஸ் இஸ் கமிங் சூன்' என்று அதற்குப் பெயர். அவர் 1952ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1969ல் அமெரிக்க சுவிசேஷ இசைக்கான டவ் விருது முதல்முறை கொடுக்கப்பட்டபோது, அந்த வருடத்தின் பாட்டாகத் தெரிந்தெடுக்கப்பட்டது இதுவே. எழுதினவர் போய் பதினேழு வருஷம்!

பருத்திக் காட்டில் ஒரு வாலிபன்

ஆல்பர்ட் பிரம்லி 1905ல் ஓக்லஹோமாவில் ஸ்பைரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். நிலம் அடுத்தவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் ஒரு பங்கு கூலி. அப்படிப்பட்ட குடும்பம். பருத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த வேலை. முதுகு நிமிராது, காய் ஓடு விரலைக் கீறும், பை மட்டும் நிறையவே நிறையாது. அப்படிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அந்தக் காலத்தில் எல்லாரும் முணுமுணுத்த ஒரு சிறைக்கைதியின் பாட்டு பிரம்லியின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அது உலகப் பாட்டு. சிறையில் கிடக்கிற ஒருவன், சிறகு இருந்தால் இந்த மதிலைத் தாண்டிப் போவேனே என்று ஏங்குகிற பாட்டு. பிரம்லிக்குச் சட்டென்று பொறி தட்டினது. இந்தப் பூமியின் வாழ்வே ஒரு சிறைதானே, ஒரு நாள் நானும் பறந்துபோவேனே! அப்படிப் பிறந்ததுதான் 'ஐல் ஃபிளை அவே', அதாவது 'நான் பறந்துபோவேன்'. 1929ல் எழுதினார். அச்சில் வந்தது 1932ல்.

நடுவில் மூன்று வருஷம் ஏன்? எழுதினார், வைத்துக்கொண்டார். 1931ல் அவருக்கு மணமான கோல்டி என்கிற சகோதரிதான், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், கம்பெனிக்கு அனுப்புங்கள் என்று தூண்டினார். சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது வரத்தை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாரா? கொஞ்சம் தட்டிக் கேளுங்க.

இப்போது அந்தப் பாட்டு, உலகத்திலேயே மிக அதிகமாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட சுவிசேஷப் பாட்டுகளில் ஒன்று. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சவ ஊர்வலங்களில்கூட வாத்தியத்தோடு அதை வாசித்துப் போகிறார்கள்.

இந்த இடத்தில் வாலிபர்கள் என்னைப் பிடித்துக்கொள்ளுவார்கள். "அண்ணே, அவர் உலகப் பாட்டிலிருந்து எடுத்தாரே, நாங்க சினிமா மெட்டைப் போட்டா மட்டும் ஏன் திட்டுறீங்க?" நியாயமான கேள்விதான். மழுப்பக் கூடாது. பிரம்லி அந்தக் கைதிப் பாட்டின் மெட்டை எடுக்கவில்லை. எண்ணத்தை எடுத்தார். அந்த எண்ணமோ வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புறாவைப்போல் எனக்குச் சிறகு இருந்தால் பறந்துபோய் இளைப்பாறுவேன் என்று தாவீது ஏங்குகிறார் (சங். 55:6). நம் நாட்கள் சீக்கிரமாய்க் கடந்து நாம் பறந்துபோகிறோம் என்று மோசேயும் ஜெபத்தில் சொல்லுகிறார் (சங். 90:10). கைதி பாடினது பிரம்லிக்கு வசனத்தை ஞாபகப்படுத்திற்று. நம்ம சினிமா மெட்டோ, கண்ணை மூடினவுடனே நடிகனையும் நடிகையையும் அல்லவா ஞாபகப்படுத்துகிறது? மெட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் என் அளவுகோல். மெட்டைக் கேட்டு மனம் கல்வாரிக்குப் போகிறதா, தியேட்டருக்குப் போகிறதா? இதில் வேறு அபிப்பிராயம் உள்ளவர்களும் இருப்பீர்கள். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

பாதி உடம்பு, முழு ஜெயம்

பிரம்லியைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரை விட்டுவிட முடியாது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் இருதயமே அவர்தான். இ. எம். பார்ட்லெட். ஆர்க்கன்சாவில் ஹார்ட்ஃபோர்ட் என்கிற சின்ன ஊரில் 1918ல் பாட்டுப்புத்தகக் கம்பெனியும், அதோடு ஒரு இசைப் பள்ளியும் ஆரம்பித்தவர். 1926ல் பிரம்லி அந்தப் பள்ளியைத் தேடி வந்தபோது கையில் பணம் இல்லை. பீஸ் கட்ட வழியில்லை, தங்க இடமில்லை. பார்ட்லெட் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. சும்மாவே படி, எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடப் போட்டதால், உலகத்துக்கு எத்தனை பாட்டு வந்தது பாருங்க! பிரம்லி தம் வாழ்நாளில் எழுதினவை அறுநூறுக்கும் மேல்.

அந்தப் பார்ட்லெட்டுக்கு 1939ல் பக்கவாதம் வந்தது. உடம்பின் ஒரு பக்கம் விழுந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாட்டு கற்றுக்கொடுத்த மனிதர், இனி எங்கும் போக முடியாது. அந்த நிலையில் அவர் எழுதின கடைசிப் பாட்டு 'விக்டரி இன் ஜீசஸ்', இயேசுவில் ஜெயம்.

இதை நிதானமாக யோசியுங்க. படுத்திருக்கிற மனிதர் ஜெயம் என்கிறார். அது மட்டுமில்லை. அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில், இயேசு சப்பாணிகளை நடக்கவைத்தார், குருடருக்குப் பார்வை கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன் என்று எழுதுகிறார். நடக்க முடியாதவர், சப்பாணி நடந்ததைப் பற்றி எழுதுகிறார்! அதைக் கேள்விப்பட்டு அவர் என்ன வேண்டிக்கொள்ளுகிறார் தெரியுமா? என் காலைக் குணமாக்கும் என்றல்ல, நொறுங்கின என் ஆவியைக் குணமாக்கும் என்கிறார். கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார், ஜெயத்தைக் கண்டேன் என்று சாட்சி சொல்லுகிறார்.

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனம். நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர் என்று பிரசங்கிக்கிறோம், அது சத்தியம். கட்டிலிலிருந்து எழுந்து நடந்தவர்களின் சாட்சியை நம்ம சபையிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் எழுந்து நடக்காதவர்களிடத்தில் நாம் எப்படி நடந்துகொள்ளுகிறோம்? ஒரு வருஷம் ஜெபித்தும் சுகமாகாத அம்மாவைப் பார்த்து, விசுவாசக் குறைவு, ஏதோ பாவம் இருக்கிறது என்று பேசினவர்கள் நம்மில் இல்லையா? யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் அதுதான். பார்ட்லெட் 1941 ஜனவரியில் மரித்தார். அந்தப் பாட்டை எழுதின பிறகு அவர் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவருக்கு ஜெயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அமெரிக்காவின் எந்தச் சபையிலும் இன்று எழுந்து நின்று பாடுகிற பாட்டு அது. எழுதினவரோ எழுந்து நிற்கத் தடுமாறினவர். நீங்கள் அடுத்த முறை வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது, எண்ணெய்ச் சீசாவோடு இந்த மனிதரின் கதையையும் எடுத்துக்கொண்டு போங்க.

ஐம்பது புத்தகம் கூலி

இனி சொல்லப்போவது சந்தோஷமான கதை இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கிளீவன்ட் டெரிக்ஸ் என்று ஒரு கறுப்பினப் போதகர். 1910ல் டென்னசியில் சட்டநூகா நகரத்தில் பிறந்தவர். 1937ல் அவர் பாட்டு ஒன்று ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் கம்பெனி மூலம் அச்சில் வந்தது. 'ஜஸ்ட் எ லிட்டில் டாக் வித் ஜீசஸ்', இயேசுவோடு கொஞ்சம் பேசினால் போதும் என்று அர்த்தம். ஒரு காலத்தில் பாவத்தில் அலைந்தேன், அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார், இப்போது கவலை வந்தால் அவரிடம் பேசுகிறேன், எல்லாம் சரியாகிவிடுகிறது என்கிற எளிய சாட்சி. பல்லவியில் கட்டைக்குரல் பாடுகிறவர் முன்னால் ஓட, மற்ற மூன்று குரல்களும் பின்னால் ஓடும். கேட்டால் கால் சும்மா இருக்காது. வெள்ளைக்கார நால்வர் குழுக்கள் எல்லாம் அதைப் பாடிப் பேர் வாங்கின.

எழுதினவருக்குக் கிடைத்தது என்ன? பணம் இல்லை, ராயல்டி இல்லை. ஐம்பது பாட்டுப்புத்தகம் கொடுத்தார்கள். ஒன்றைப் பத்து சென்ட்டுக்கு விற்றுக்கொள்ளலாம். எல்லாம் விற்றால் ஐந்து டாலர்! பாட்டு நாடெங்கும் சுற்றினது. அதை எழுதினவர் உயிரோடு இருக்கிறார் என்பதுகூடப் பாடினவர்களில் அநேகருக்குத் தெரியாது. முதிர்வயதில், 1970களின் நடுவில்தான், ஒரு ஒலிப்பதிவு நிறுவனத்தின் மூலமாகத் தம் குடும்பத்தோடு தம் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்கிற வாய்ப்பு அவருக்கு வந்தது. 1977ல் மரித்தார். பிரம்லி மரித்ததும் அதே வருஷம்.

அந்த நாட்களில் தென் மாநிலங்களில் கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனி வண்டி, தனிக் குழாய்த் தண்ணீர், தனிச் சபை. சட்டமே அப்படி இருந்தது. பரலோகத்தில் எல்லாரும் சந்திப்போம் என்று இரண்டு சபையிலும் பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வாசலில் நுழைய மட்டும் இடமில்லை. தங்கள் வாயின் பாட்டைத் தங்கள் காதே கேட்கவில்லை. நாம் சிரிக்க வேண்டாம். நம்ம தேசத்திலும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சாதிக்கு ஒரு சுவர் கட்டி வைத்த கிறிஸ்தவர்கள் உண்டு. செத்த பிறகும் பிரிவு! வேலைக்காரரின் கூலி பிடித்துவைக்கப்பட்டால் அது கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4ல் வாசிக்கிறோம். பாட்டுக்காரன் கூலியும் கூலிதானே. கன்வென்ஷனுக்கு வந்து மூன்று நாள் தொண்டை கிழியப் பாடின தம்பிக்கு, பஸ் சார்ஜாவது கையில் கொடுத்து அனுப்பினோமா? "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் பிரதர்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோமா? கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊழியக்காரர் வீட்டுக் கண்ணீர்

ஐரா ஸ்டான்ஃபில் நம்மைப்போலப் பெந்தெகொஸ்தேகாரர். 1914ல் நியூ மெக்சிகோவில் பிறந்தவர், அசெம்பிளிஸ் ஆஃப் காட் ஊழியர். கூட்டத்துக்குப் போனால் ஜனங்களைப் பார்த்து, பாட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுங்கள் என்பாராம். வந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து அங்கேயே பாட்டு எழுதிப் பாடுவார். சிலுவையண்டையில் உனக்கு இடமுண்டு என்கிற அவருடைய பிரபலமான பாட்டு அப்படிச் சீட்டில் வந்த ஒரு தலைப்புதான். மலைக்கு அப்பால் ஒரு மாளிகை என்று யோவான் 14:2ஐ வைத்து அவர் எழுதின பாட்டுக்கோ, ஒரு பிரசங்கத்தில் கேட்ட கதை காரணம். இடிந்துவிழுகிற ஒரு குடிசை. அதில் உடைந்த பொம்மையோடு ஒரு ஏழைச் சிறுமி. இவ்வளவு கஷ்டத்தில் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறாய் என்று கேட்டதற்கு, அப்பா மலைக்கு அந்தப்பக்கம் பெரிய வீடு கட்டப்போகிறார் என்றாளாம்.

ஆனால் அவருடைய சொந்த வீடு உடைந்தது. முதல் மனைவி பிரிந்து போய்விட்டார். ஊழியக்காரர் வீட்டில் இப்படி நடந்தால் சபை என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வேதனையின் வருடங்களில் அவர் எழுதினது, நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாளையைக் கையில் வைத்திருக்கிறவரைத் தெரியும் என்கிற கருத்துள்ள பாட்டு. 1950ல் வெளிவந்தது. வீடு திரும்பக் கட்டப்பட்ட பிறகு எழுதின ஸ்தோத்திரம் அல்ல அது. வீடு உடைந்து கிடக்கும்போதே எழுதினது. அத்திமரம் துளிர்க்காமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் இருக்கும்போதே மகிழுவேன் என்றானே ஆபகூக் (3:17,18), அந்தப் பக்கத்தைச் சேர்ந்த பாட்டு.

ஓடைக்கரையிலே ஒரு சிறுமி

கடைசியாக ஒரு சகோதரி. டாட்டி ராம்போ. 1934ல் கென்டக்கியில் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தார். ரேடியோவில் கேட்டுக் கேட்டே கிட்டார் வாசிக்கப் பழகினார். எட்டு வயதில் ஒரு ஓடைக்கரையில் உட்கார்ந்து முதல் பாட்டை உண்டாக்கினார். பன்னிரண்டு வயதில் இரட்சிக்கப்பட்டு, இனி கர்த்தருக்கு மட்டும் பாடுவேன் என்று சொன்னபோது, தகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டை விடு, இல்லாவிட்டால் வீட்டை விடு. சிறுமி கிட்டாரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பன்னிரண்டு வயது! உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருக்கிறதா, ஒரு நிமிஷம் பாருங்க.

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரட்சிக்கப்பட்டதால் வீட்டில் அடி வாங்கி, சாப்பாடு நிறுத்தப்பட்டு, சபைக்கு மறைவாக வருகிற பிள்ளைகள் நம் நடுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். டாட்டியின் கதை அவர்களுக்காகத்தான்.

அவருக்கு எடி என்று ஒரு சகோதரன். உலகத்தில் அலைந்து, வியாதிப்பட்டு, மரணப்படுக்கையில் கிடந்தார். என்னைப்போன்ற பாவியைத் தேவன் ஏற்றுக்கொள்ளமாட்டார், நான் ரொம்ப தூரம் போய்விட்டேன் என்பது அவருடைய எண்ணம். டாட்டி அவருக்காகவே ஒரு பாட்டு எழுதினார். என் குற்றத்துக்கு அப்பால் பார்த்து என் தேவையைக் கண்டார் என்பது அதின் சாரம். தம்பிக்குத் தெரிந்த, எல்லார் காதுக்கும் பழகின ஒரு பழைய ஐரிஷ் நாட்டுப்புற மெட்டில் அதை அமைத்தார். அந்தப் பாட்டின் வழியாக எடி கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று டாட்டி சாட்சி சொல்லியிருக்கிறார். மெட்டைப்பற்றி மேலே நான் சொன்ன அளவுகோலை இங்கேயும் வைத்துப் பாருங்க. இந்த மெட்டு அந்த மனிதனை எங்கே கொண்டுபோயிற்று?

பிறகு அவர் எழுதினவை ஆயிரக்கணக்கில் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். ஒரு நாள் கூட்டத்துக்குக் காரில் போகும் வழியில் வானத்தின் நிறங்களைப் பார்த்து, கர்த்தர் மேகத்தின்மேல் வரும் நாளை நினைத்து அழுது, 'வி ஷால் பிஹோல்ட் ஹிம்', நாம் அவரைக் காண்போம் என்று எழுதினார். 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1982ல் டவ் விருதில் வருடத்தின் பாட்டாக அதுவே தெரிந்தெடுக்கப்பட்டது. புகழ் இருந்த அதே காலத்தில் முதுகெலும்பில் நோவு, ஆபரேஷன்மேல் ஆபரேஷன், பல வருஷம் மேடை ஏற முடியாமை, நாற்பது வருஷத்துக்கு மேலான மண வாழ்வின் முறிவு. எல்லாம் கடந்து மறுபடியும் பாட வந்தார். 2008 மே 11, மிசௌரி மாநிலத்தில், கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில், அவர் பிரயாணம் செய்த பஸ் சாலையை விட்டு விலகி மோதினது. 74 வயது. அன்று அமெரிக்காவில் அன்னையர் தினம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள், முதலில் சங்கீதம் 40 முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். பன்னிரண்டாம் வசனத்துக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். புதுப்பாட்டு பெற்ற அதே தாவீது, எண்ணமுடியாத தீமைகள் என்னைச் சூழ்ந்தன என்று அங்கே சொல்லுகிறான். பாட்டு வந்தபிறகும் அவன் கஷ்டம் ஓயவில்லை. பிறகு, கூட்டத்தில் யாராவது ஒருவர், தமக்குப் பிடித்த பாட்டு எந்த நாளில், எந்த வேதனையில் தமக்குச் சொந்தமானது என்று சாட்சி சொல்லட்டும். வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசாமல், பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற அம்மாமாரிடம் கேளுங்கள். அவர்கள் சொன்ன பிறகு அந்தப் பாட்டையே எல்லாரும் சேர்ந்து பாடுங்கள். கீபோர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.